கிளினிக் நாள் சேலை

எட்டு நிமிடம் பேசினால் போதும் என்றார்கள். அந்த எட்டு நிமிடத்துக்காகப் பதினாறு நாட்கள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால். கிள்ளானில் எங்கள் வீடு அப்படியொன்றும் பெரியதில்லை, பத்துப் பதினைந்து எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். திரும்பி மறுபடி நடப்பேன். உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும், நின்றால் பாதம் எரியும், நடந்தால் மட்டும் எது வலிக்கிறது என்று சரியாகத் தெரியாது.

கூப்பிட்டது கிளினிக் மிஸ்ஸி. நர்ஸை மிஸ்ஸி என்றும் கோலாலம்பூரைக் கேஎல் என்றும் சொல்லியே எங்களுக்கெல்லாம் பழக்கம்.

“ஆன்டி, டாக்டர் உங்கள ஒரு டோக் குடுக்க கேக்கறாங்க. சனிக்கிழமை காலையில, கேஎல்ல. புது டாக்டருங்க முப்பது நாப்பது பேர் வருவாங்க. காலம் பூரா சீக்கோட இருக்கறது எப்படின்னு பேஷண்ட் வாயால கேக்கணுமாம். உங்க கதைய சொன்னா போதும் லா.”

“ஓகே மிஸ்ஸி” என்றேன். எதைக் கேட்டாலும் முதலில் ஓகே சொல்லிவிட்டுப் பிறகு திண்டாடுவது என் பிறவிக்குணம்.

“உங்களத்தான் கேக்கணும்னு டாக்டரே சொன்னாங்க. எங்க குட் பேஷண்ட் நீங்கதானே” என்று சிரித்துவிட்டு அவர் போனை வைத்தார். அந்தச் சிரிப்புதான் என்னைப் பதினாறு நாள் நடக்கவிட்டது.

எனக்கு முடக்குவாதம். உடம்பு தன் மூட்டுகளையே எதிரி என்று நினைத்து அடிக்கும் நோய். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். கன்டெய்னர் நம்பர்களைப் பார்க்காமலே தட்டுவேன். ஒருநாள் காலையில் விரல்கள் மடங்கவில்லை. பிறகு பல காலைகள் மடங்கவில்லை. நாலாவது வருடம் வேலையை விட்டேன். கடிதத்தில் ‘குடும்பக் காரணம்’ என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால் பரிதாபப்படுவார்கள், எனக்குப் பரிதாபம் என்றால் ஆகாது.

பேச்சைத் தயார் செய்ய பேனா பிடிக்க முடியாது. அதனால் கைபேசியில் பேசிப் பதிவு செய்தேன். முதல் பதிவு பத்தொன்பது நிமிடம் வந்தது. கேட்டுப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. நீங்கள் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கம்ப்யூட்டரைப் பார்க்கிறீர்கள். மூன்று மணி நேரம் உட்காரவைத்து ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறீர்கள். எங்கள் வலி உங்களுக்கு ஒரு நம்பர். இப்படியே போனது. கோயில் பொதுக்கூட்டத்தில் மைக் கிடைத்தவர் மாதிரி வெளுத்து வாங்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவள். பதிவைக் கேட்டுவிட்டுக் காதிலிருந்து ஒயரை எடுத்தாள்.

“ம்மா, இது டோக் இல்ல. கம்ப்ளேன்.”

“எங்கடி கம்ப்ளேன் பண்ணேன்?”

“ஃபுல்லா கம்ப்ளேன்தான். டாக்டருங்களுக்கு டைம் இல்ல. மூணு பாயிண்ட் போதும். முதல்ல பயந்தேன், அப்புறம் ஏத்துக்கிட்டேன், இப்ப நல்லா இருக்கேன். முடிஞ்சிச்சு.”

மத்தியானத்துக்குள் ஆறு சிலைடு செய்துவிட்டாள். முதல் சிலைடில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது, கடைசி சிலைடில் ஒரு பெண் கடற்கரையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். எனக்குக் கை தோளுக்கு மேல் தூக்கி நாலு வருடம் ஆகிறது. பிள்ளை ஆசையாகச் செய்திருக்கிறாளே என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் ரயில் ஏறிப் போன பிறகு மறுபடியும் நடக்க ஆரம்பித்தேன்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் என் கணவரை உட்காரவைத்துப் பழைய பேச்சையே பேசிக் காட்டினேன். அவர் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். அன்றைக்குக் காலை ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சூடாகத் தே குடித்துக்கொண்டிருந்தார். கைபேசியில் நேரம் பார்க்கச் சொன்னேன். பாதியிலேயே கையைத் தூக்கினார்.

“டைம் ஆச்சா?”

“டைம் இல்ல. டாக்டர் கேக்கறதே இல்லன்னு சொல்றியே, அதான். அவங்க கேட்டாங்களே. நான் பக்கத்துலதானே நிக்கறேன். ஒவ்வொரு தடவையும் எப்படி இருக்கீங்க ஆன்டின்னு கேக்கறாங்க. நீ ஓகே டாக்டர்ங்கற.”

“அது சும்மா கேக்கறது.”

“நீயும் சும்மாதான சொல்ற?”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் யார் பக்கம் என்று கத்தினேன். அவர் தம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் ஹாலில் நின்றேன். அவர் சொன்னது நிஜம் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வலி தாங்காமல் வீட்டில் போட்டிருந்த கஃப்தானோடு போனேன். பாத்தேக் துணியில் தைத்த தொளதொள அங்கி, தலைவழியாக மாட்டிக்கொண்டால் போதும். தலையும் வாரவில்லை, காலில் ரப்பர் செருப்பு. கவுண்டரில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மலாயில் சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, படிக்கத் தெரியுமா என்று கேட்டார். நான் ஒரு ஆபீசில் நாற்பது லோரிக்குக் கணினியில் பாதை போட்டவள். அன்றைக்கு நெஞ்சில் தைத்தது இன்னும் அங்கேயே இருக்கிறது.

அடுத்த முறை சேலை கட்டிக்கொண்டு போனேன். கருநீலம், மெல்லிய ஜரிகை. பின்னல், பொட்டு, வளையல், தோல் கைப்பை. அதே கவுண்டரில் ‘புவான், சிலாக்கான் டுடுக்’ என்று, அம்மா உட்காருங்கள் என்று, மரியாதையாகச் சொன்னார்கள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அது கிளினிக் நாள் சேலை ஆனது. எங்கள் ஆட்களில் இப்படி நிறையப் பேர் உண்டு. கல்யாணத்துக்குக்கூட ஏனோதானோ என்று வருவார்கள், ஆஸ்பத்திரிக்கு மட்டும் இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்கள்.

முதல் இரண்டு வருடம் நானே கட்டினேன். பிறகு முடியவில்லை. ரவிக்கைக் கொக்கியை என் கணவர் மாட்டுவார். கொசுவத்தை அவர் மடிப்பார். பின்னலும் அவர்தான். லோரி ஸ்டீயரிங் பிடித்த கை முதலில் கயிறு முறுக்கியது, இப்போது மூன்று கால் எடுத்து நுனிவரை பிசிறில்லாமல் பின்னுகிறது. கிளினிக்கில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் என் பின்னலைப் பாராட்டுவார்கள். நான் சிரித்துவைப்பேன். அவர் சுவரில் இருக்கும் போஸ்டரைப் படிக்கிற மாதிரி நிற்பார்.

அதைவிட மோசம் மாத்திரை. வலி ரொம்பக் கூடினால் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஸ்டீராய்டு மாத்திரை தருவார். நான் வலி கூடுகிற நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அத்தனையையும் பிஸ்கட் டின்னில் சேர்ப்பேன். கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்னால் எடுத்துப் போட ஆரம்பிப்பேன். வலிக்கிற நாளுக்குக் கொடுத்த மாத்திரையை, வலிக்கவில்லை என்று காட்ட வேண்டிய நாளுக்குப் போட்டேன். அந்த இரண்டு நாளும் வீக்கம் வடிந்துவிடும், கண்ணில் ஒரு பளபளப்பு வரும், மனசு தறிகெட்டு ஓடும், அடுப்பு மேடையை மூன்று முறை துடைப்பேன். பிறகு சேலையில் நிமிர்ந்து நடந்துபோய் டாக்டர் முன்னால் உட்காருவேன்.

அவர் சீனப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது சின்னவர், மெதுவாகப் பேசுவார். “ரத்தத்துல இன்னும் கொஞ்சம் காட்டுது, ஆனா நீங்க நல்லா இருக்கீங்க ஆன்டி” என்பார். ரத்தத்தை நம்பாமல் அவர் என்னை நம்பினார். போன முறை வாய்தவறிச் சொல்கிற மாதிரி ஒன்று சொன்னார். அடுத்த கட்டத்துக்கு ஊசி மருந்து இருக்கிறதாம், கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்து எழுதிக் கொடுப்பார்களாம், எனக்கு அது தேவைப்படாதாம். நானும் தலையாட்டினேன். மடியில் கைப்பைக்கு அடியில் என் வலது கை விரல்கள் நாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. இந்த வருடம் சாய்ந்தது அடுத்த வருடம் நிமிராது. அது எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. டாக்டரைப் பார்க்கும் முன் மிஸ்ஸி ஒரு தாள் கொடுப்பார். நீங்களே சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, தலை வாரிக்கொள்ள முடிகிறதா, நிறைந்த தம்ளரைத் தூக்க முடிகிறதா. பக்கத்தில் நாலு கட்டம், சிரமமே இல்லை என்பதிலிருந்து முடியவே முடியாது என்பது வரை. எனக்குப் பேனா பிடிக்க வராது என்பதால் என் கணவர்தான் கோடு போடுவார். ‘எல்லாம் மொத கட்டம்தானே?’ என்பார். ‘ஆமா’ என்பேன். தலை வார முடிகிறது என்று, என் தலையை வாரியவரே கோடு போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அது வேடிக்கையாகக்கூடத் தோன்றவில்லை.

வாசலிலிருந்து என் கணவர் தே தம்ளரோடு திரும்பி வந்தார். அழுது முடித்திருந்தேன்.

“எல்லாத்தையும் சொல்லப் போறேன். அங்கேயே, டாக்டருங்க முன்னாடி.”

“அம்மாடி, மெதுவா தனியா சொல்லலாமே. அவங்க பேஷண்ட்டுன்னு கூட்டிட்டு வர்றாங்க. மத்த டாக்டருங்க முன்னாடி அவங்களுக்கு மலு ஆயிடாது?”

மலு, வெட்கக்கேடு. டாக்டருக்கு மட்டுமா, அவருக்கும்தான். தாளில் கோடு போட்டது அவர் கை அல்லவா. அவர் பயம் எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தச் சின்ன அறைக்குள் போனால் என் வாய் தானாகவே ஓகே சொல்லிவிடும் என்பதும் தெரியும். இருந்தாலும் அவர் சொன்னதற்காக வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குப் போன் செய்தேன். டாக்டர் வார்டில் இருக்கிறார் என்றார் மிஸ்ஸி.

“அவசரமா ஆன்டி? ஏதும் ப்ராப்ளமா?”

“இல்ல மிஸ்ஸி. ஓகே, ஓகே.”

போனை வைத்துவிட்டு என் வாயிலேயே அறைந்துகொண்டேன். மெதுவாகத்தான். கை வலிக்கும்.

பிஸ்கட் டின்னை அந்த வாரம் திறக்கவில்லை. தினசரி மாத்திரைகளை மட்டும் போட்டேன். சனிக்கிழமை விடிந்தபோது இரண்டு கையும் மூடிய மாதிரியே இருந்தன. அவர் சேலையை எடுத்து நாற்காலியில் போட்டு, சீப்போடு நின்றார்.

“வேணாங்க. இன்னிக்கு என் கையால என்ன முடியுதோ அதோட வரேன்.”

குளித்துவிட்டு வர ஐம்பது நிமிடம் ஆனது. ரவிக்கை முடியவில்லை. பஞ்சாபி சூட்டின் முடிச்சு முடியவில்லை. தலைவழியாக மாட்டிக்கொள்ளக்கூடியது கஃப்தான் ஒன்றுதான். தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சீப்பை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்து வாரினேன். பின்பக்கம் எட்டவில்லை. ஒரு ரப்பர் பேண்டைப் போட முயன்றேன், அது தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போனது. அப்படியே விட்டேன்.

அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் திகைத்துப் போனார். “இப்படியேவா? ட்ரெயின்ல?”

“இப்படியேதான்.”

“இதுவும் ஒரு வேஷம்தான்” என்றார், கொஞ்சம் கோபமாக.

“இருக்கட்டும். ஒம்பது வருஷம் அந்த வேஷம் போட்டோம். ஒரு நாள் இது.”

அவர் குனிந்து என் செருப்பை மட்டும் சரியாகத் திருப்பி வைத்தார்.

கிள்ளானில் ரயில் ஏறினோம். நல்ல உடையில் வேலைக்குப் போகிறவர்கள், கேஎல்லுக்குச் சாமான் வாங்கப் போகிற குடும்பங்கள். ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கமில்லை, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நினைத்தேன். கூந்தல் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது, அவர் ஒதுக்கிவிடக் கையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஸ்டேஷனில் மகள் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும், “ம்மா, சிலைடு பென் டிரைவ்ல இருக்கு” என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். அவளும் என்னை வாராத தலையோடு பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் எனக்குக் காலையிலேயே பின்னிவிட்டுவிடுவார். பென் டிரைவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கு வெளியே மேசை போட்டிருந்தார்கள். அட்டை கொடுக்கிற பெண் என்னைப் பார்த்து, “ஆன்டி, கிளினிக் கீழே, இன்னிக்கு மூடியிருக்கு” என்றாள். நான் பேச வந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுக்கும்போது மண்டபக் கதவைத் திறந்துகொண்டு என் டாக்டர் வந்தார். கையில் நிகழ்ச்சித் தாள். முகத்தில் அவசரம். என் பக்கம் பார்த்தார், பார்வை என் மேல் நிற்காமல் தாண்டிப் போனது. பிறகு என் கணவரைக் கண்டு முகம் மலர்ந்தார்.

“ஹலோ அங்கிள், வந்துட்டீங்களா. வைஃப் எங்க?”

நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். ஒன்பது வருடமாக, நாலு மாதத்துக்கு ஒருமுறை, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்த்தவர். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் பார்த்த பொம்பளையை நாங்கள் இன்றைக்கு வீட்டில் நாற்காலியில் மடித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டோம், அவர் எங்கே தேடுவார்?

என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

“டாக்டர், இங்க இருக்கேன்” என்றேன்.

அவர் திரும்பினார். முகத்தை, முடியை, கஃப்தானை, கடைசியில் கையைப் பார்த்தார். கையில் அவர் கண் நின்றது. அன்றைக்கு மறைத்துக்கொள்ளக் கைப்பை கொண்டுவரவில்லை.

பேச்சு எட்டு நிமிடம் ஆகவில்லை, நாலுக்குள் முடிந்தது. சிலைடு வேண்டாம் என்றேன். உங்களைப் பார்க்க வராத நாட்களில் நான் இப்படித்தான் இருப்பேன் என்றேன். கவுண்டரில் கேட்டதைச் சொன்னேன், சேலையைச் சொன்னேன், டின்னைச் சொன்னேன். டாக்டர் மேல் தப்பு இல்லை, நான்தான் காட்டவில்லை என்றேன். ஆனால் நன்றாக உடுத்தினால்தான் மனுஷியாக மதிப்பீர்கள் என்று எங்களுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அதையும் கொஞ்சம் யோசியுங்கள் என்றேன். யாரும் கை தட்டவில்லை, தட்டலாமா வேண்டாமா என்று தெரியவில்லை போல. முன்வரிசையில் ஒரு பெண் டாக்டர் மட்டும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்.

வெளியே நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன், டாக்டரும் பின்னாலேயே வந்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தேன். மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டதற்கு வாங்கவும் வாங்கினேன், கொஞ்சமில்லை. அது ஆபத்து, இனிமேல் டின்னை அப்படியே கொண்டுவர வேண்டும் என்றார். பிறகு உள்ளே போய் ஒரு தாளோடு திரும்பி வந்தார். அதே தாள். பொத்தான், தலை, தம்ளர், நாலு நாலு கட்டம். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளை ஒரு கோப்பின் மேல் வைத்து என் மடியில் வைத்தார். பேனாவை நீட்டினார்.

பழக்கதோஷத்தில் என் கணவரின் கைதான் முதலில் பேனாவுக்கு நீண்டது.

டாக்டர் பேனாவைப் பின்னால் இழுத்துக்கொண்டார். என் கணவர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.

டாக்டர் என்னிடம் நீட்டிய பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டேன். நீங்களே தலை வாரிக்கொள்ள முடிகிறதா? முதல் கட்டத்தைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதைத் தாண்டி, நாலாவது கட்டத்தில் கோடு போட்டேன். கோணலாகப் போய்க் கட்டத்தை விட்டு வெளியே வந்து தாளின் ஓரம்வரை இழுத்துக்கொண்டது. வேறு தாள் கேட்கலாமா என்று டாக்டரைப் பார்த்தேன்.

“இது போதும் ஆன்டி” என்றார். “அடுத்தது போடுங்க. நான் காத்திருக்கேன்.”